பழைய பம்பு விளம்பரப் போஸ்டர்: மாட்டுவதா, சீர் செய்வதா, நகல் எடுப்பதா, கொடுத்துவிடுவதா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் ஏதாவது ஒரு கடை கைமாறும்போது எனக்கு ஒரு போன் வரும். கடையைக் காலி செய்கிறவர்கள் பரணில் ஏறியிருப்பார்கள். சாயத் தகரங்களுக்குப் பின்னால் சுருட்டி வைத்த தாள் ஒன்று கிடைத்திருக்கும். விரித்துப் பார்த்தால் வீட்டுத் தண்ணீர் பம்பு விளம்பரம். "அண்ணே, இத சட்டம் போட்டு மாட்டிடலாமா, இல்ல யாருக்காவது கொடுத்திடலாமா?" என்று கேட்பார்கள். என் அப்பா இந்த ஊரில் பம்பு பழுது பார்த்தவர். அவர் கடையில் இருந்த ஏழு போஸ்டர்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அதனால்தான் கேள்வி என்னிடம் வருகிறது. போனில் பாதிதான் சொல்ல முடிகிறது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தாள்கள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் குழாயடி வரிசை, கிணறு, வாளி. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, பட்டணத்து ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, கிணறு வெட்டி வீடு கட்டியவர்கள் ஆசையாக வாங்கிய முதல் இயந்திரங்களில் ஒன்று பம்பு. அந்தக் காலத்து விளம்பரங்கள் ஒரே தாளில் ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), தமிழ் என நான்கு எழுத்திலும் பேசின. பம்பு விற்க வந்த கம்பெனி நம் அம்மாக்களையும் வாங்குகிறவர்களாக மதித்து, அவர்கள் மொழியில் எழுதியது. அந்தத் தமிழ் வரிக்காகத்தான் நான் இவற்றைக் காப்பாற்ற நினைக்கிறேன்.

## முதலில், கையில் இருப்பது என்ன?

இதைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அசலா, பிற்காலத்து அச்சா, எந்தக் காலம் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊர்ப் பெயர். விற்பனையாளர் முகவரியில் "மலாயா" என்று இருந்தால் பெரும்பாலும் 1963க்கு முந்தியது. மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16. பழைய பெயரையே கொஞ்ச காலம் விடாமல் பயன்படுத்திய கடைகளும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பணம். விலை டாலர் என்ற சொல்லோடு இருந்தால் பெரும்பாலும் பழையது. "ரிங்கிட்" என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1975இல்.

தமிழ் எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. "இல்லை", "விலை" போன்ற சொற்களில் லை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய அச்சில் லை, ளை, னை, ணை நான்கும் மேலே தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். றா, னா, ணா மூன்றும் துணைக்கால் தனியாக இல்லாமல் கீழே சுழித்து ஒரே எழுத்தாக இருக்கும். தமிழ்நாடு அரசு 1978இல் சீர்திருத்த எழுத்தை ஏற்ற பிறகுதான் இன்றைய வடிவம் எங்கும் பரவியது. என் அப்பாவின் போஸ்டர் ஒன்றில் வாளி இனித் தேவையில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கடைசி எழுத்தைப் பார்த்த என் மகள், "யாரு இதுக்குத் தும்பிக்கை வரைஞ்சா?" என்று கேட்டாள். "1950களின் அசல்" என்று சொல்லி ஒருவர் விற்க வரும் தாளில் இன்றைய கணினி எழுத்து லை இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பெரியார் தன் 'குடி அரசு' ஏட்டில் 1935இலேயே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அதனால் புது வடிவம் இருப்பது மட்டுமே போலி என்பதற்குச் சான்றாகாது.

புள்ளி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை நிறத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கல்லச்சில் கிரேயான் தேய்த்தது போல ஒழுங்கில்லாத பொடி தெரியும். ஆப்செட் அச்சில் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாக வரிசையில் நிற்கும். இங்க்ஜெட் நகலில் தெளித்த தூசி மாதிரி இருக்கும். ஆப்செட் என்பதாலேயே போலி ஆகிவிடாது, 1960களின் அசல் போஸ்டர்களில் ஏராளமானவை ஆப்செட்தான். ஆனால் இங்க்ஜெட் தூசி தெரிந்தால் அது அண்மைய நகல், சந்தேகமே வேண்டாம்.

படம். கிணற்றின் குறுக்குவெட்டு வரைந்திருந்தால், உள்ளே எத்தனை குழாய் இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு குழாய் என்றால் ஆழமில்லாக் கிணற்றுப் பம்பு. மேலே இருக்கும் பம்பு எதுவும் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது, காற்றழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். அதனால்தான் இந்த விளம்பரங்களில் "25 அடி" என்ற கணக்கு அடிக்கடி கண்ணில் படும். இரண்டு குழாய் இறங்கினால் அது ஆழக் கிணற்று ஜெட் பம்பு. மேலிருந்து ஒரு குழாய் தண்ணீரைக் கீழே தள்ளும், அந்த வேகத்தில் மற்றது மேலே கொண்டுவரும். கடைக்கு வருகிறவரிடம் அப்பா முதலில் கேட்பது விலைவாசி அல்ல, "கிணறு எத்தனை அடி?" என்பதைத்தான். இந்தப் படங்களைப் பார்க்கும்போது அவர் குரல் கேட்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்தைப் பார்ப்பேன்: வெளிச்சம் எவ்வளவு படும், ஈரமும் பூச்சியும் எவ்வளவு எட்டும், செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா, இன்றைய செலவுக்குப் பின்னால் என்ன செலவு ஒளிந்திருக்கிறது, வீட்டில் யாராவது அதைத் தினமும் பார்ப்பார்களா.

இதில் மூன்றாவது எனக்கு முக்கியம். மற்ற தவறுகளைப் பாதி வழியில் நிறுத்தலாம். ஒட்டிய பசையை மட்டும் நிறுத்த முடியாது.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சணம் வரத் தொடங்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் 80ஐ ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டில் எழுதிய அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுதான் காரணம்.

## ஒன்று: அப்படியே சட்டம் போட்டு மாட்டுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பா இறந்த வருடமே ஒரு போஸ்டரைப் பக்கத்து ஊரில் சட்டம் போடும் கடை ஒன்றில் கொடுத்தேன். தாள் சுருங்காமல் இருக்க ஒட்டுப்பலகையில் பசை தெளித்து ஒட்டிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனது. நடுவில் குமிழி எழுந்தது. பலகையின் மர ரேகை பழுப்பு நிறத்தில் தாளின் முன்பக்கமே தெரிய ஆரம்பித்தது. பிரித்தெடுக்கப் பார்த்தபோது மூலையில் நீல வானம் பசையோடு போய்விட்டது. என்னிடம் இருந்த போஸ்டர்கள் எட்டு, இப்போது ஏழு என்று சொல்வது அதனால்தான்.

சரியாகச் செய்தால் இந்த வழியும் நல்லதே. கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை:

- பின்பலகை அமிலமில்லா அட்டையாக இருக்கவேண்டும். ஒட்டுப்பலகை, ஹார்ட்போர்ட் வேண்டாம்.
- தாளை முழுதாக ஒட்டக்கூடாது. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றைக் கோதுமை மாவுப் பசையால் கீல் போலப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். செலோடேப் கூடவே கூடாது.
- கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியில்லை.
- புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் அதையே போடுங்கள். கண்ணாடியைவிட எடை குறைவு, விழுந்தாலும் தாளைக் கிழிக்காது.
- லேமினேட் செய்யலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வெளிச்சம். அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்று வைத்திருக்கின்றன. ஜன்னல் அருகே உள்ள ஹால் சுவரில் 500 லக்ஸ் சாதாரணம். கணக்குப் போட்டால், உங்கள் ஹாலில் ஒரு மாதம் என்பது அருங்காட்சியகத்தில் பத்து மாதம். போன நிறம் திரும்ப வராது. புற ஊதாத் தடுப்பு இந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

மாட்டும் இடமும் முக்கியம். மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்தால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று போகும். சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டவே வேண்டாம். விளக்குப் புகையும் சாம்பிராணியும் கற்பூரமும் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். நம் வீடுகளில் ஹாலும் சாமி மேடையும் ஒன்றாகவே இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எப்போது இதுவே நல்லது: ஒரே போஸ்டரில் இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் வெயில் எட்டாத ஒரு நடைச்சுவர் இருந்தால்.

## இரண்டு: துணி ஒட்டிச் சீர் செய்வது

கிழிந்த போஸ்டரைக் கழுவி, ஜப்பானியத் தாளும் அதன் பின்னால் கான்வாஸ் துணியும் சேர்த்து, மாவுப் பசையால் ஒட்டி, இழுத்து நிமிர்த்தி, விட்டுப்போன இடங்களில் நிறம் நிரப்புவார்கள். போஸ்டர் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட முறை இது. தண்ணீரால் மறுபடி பிரிக்கலாம் என்பதால் எனக்கும் இதில் மரியாதை உண்டு. மடிப்பில் நான்கு துண்டாகப் பிரிந்த தாள் மறுபடி ஒரே படமாக நிற்பதைப் பார்க்கும்போது மனது நிறைந்துவிடும்.

ஆனால் நம் ஊருக்கு இதில் இரண்டு சிக்கல். மாவுப் பசை என்பது இராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடு. ஈரமான அலமாரியில் அதையே பூஞ்சணமும் தேடி வரும். சீர் செய்து கொண்டுவந்த பிறகு கவனிப்பு குறைய வேண்டியது போய், கூடிவிடுகிறது. அடுத்தது தூரம். காகிதம் பாதுகாக்கும் பயிற்சி பெற்றவர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் கடை போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. கோலாலம்பூருக்கோ இன்னும் தொலைவுக்கோ தாளை அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவும் வழியில் ஆகக்கூடிய சேதமும் மதிப்பீட்டில் எழுதியிருக்காது.

கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மை தண்ணீரில் கரைகிறதா என்று ஓரத்தில் சோதிப்பீர்களா? எந்தப் பசை? விட்டுப்போன இடத்தில் எவ்வளவு வரைவீர்கள்? கடைசிக் கேள்வியில் நான் கண்டிப்பாக இருப்பேன். வானத்தையும் சுவரையும் நிரப்பட்டும். எழுத்தைத் தொடக்கூடாது. தமிழ் தெரியாத கை தும்பிக்கை லையை எப்படி நிரப்பும் என்று நினைத்துப் பாருங்கள்.

எப்போது இதுவே நல்லது: தாள் தொட்டாலே உதிர்கிறது, துண்டு துண்டாக இருக்கிறது, அதே சமயம் அது உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம் என்றால். முழுதாக இருக்கும் தாளுக்கு இது தேவையில்லை.

## மூன்று: நகல் சுவருக்கு, அசல் பெட்டிக்கு

இன்று என் வீட்டில் இருப்பது இதுதான். கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கும் இதையே சொல்கிறேன்.

நல்ல நகலுக்கு நல்ல படம் வேண்டும். இங்கிலாந்து அளவில் அச்சான போஸ்டர்கள் பல 20க்கு 30 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 6000க்கு 9000, அதாவது 5 கோடியே 40 லட்சம் புள்ளி. கைபேசியில் கைநடுங்க எடுத்த படம் இதற்குப் போதாது. அதற்காக, வீட்டு வரைபடம் ஸ்கேன் செய்யும் கடைக்குக் கொண்டு போய்விடாதீர்கள். அந்தப் பெரிய ஸ்கேனர் தாளை உருளைக்கு நடுவே இழுத்துவிடும். பழைய தாள் அதிலே கிழியும். கல்யாணப் படம் எடுக்கும் நம் ஊர்க்காரரிடம் கேட்டாலே போதும்: போஸ்டரைத் தட்டையாக விரித்து, காமிராவை நேர் மேலே நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பாதி பாதியாக எடுத்துக் கணினியில் இணைக்கவும் செய்யலாம். அளவுகோலையும் ஒரு வண்ண அட்டையையும் ஓரத்தில் வைத்து ஒரு படம் தனியாக எடுத்துக்கொண்டால் அச்சில் நிறம் தப்பாது. பிக்மென்ட் மையில் அச்சிடக் கேளுங்கள்.

அப்புறம் அசல். தட்டையாக வைக்க இடமிருந்தால் அமிலமில்லா உறையில் தட்டையாக. இல்லையென்றால் அகலமான குழாயின் வெளிப்பக்கமாக, அமிலமில்லாத் தாளோடு சேர்த்துச் சுற்றுங்கள். ஒல்லிக் குழாய்க்குள் திணிக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறை என்றால் பாலியெஸ்டர், பிவிசி கூடாது. தகரக் கூரைக்குக் கீழே பரணில் வேண்டாம், தரையிலும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், அலமாரியின் நடுத்தட்டு.

மறைந்திருக்கும் செலவு மறதி. ஈரத்தை உறிஞ்ச அசலோடு வைக்கும் சிலிகா ஜெல் பைகளைச் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும், இல்லையென்றால் அவை வெறும் மணல் பை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். நான் பொங்கலுக்கு முன் வீடு கழுவும்போதும், தீபாவளிக்கு முன்னும் பார்க்கிறேன். நாள் தானாக நினைவில் நிற்கிறது.

நகலை வீட்டில் மாட்டுவது வேறு, அதை அச்சிட்டு விற்பது வேறு. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பொதுவாகப் படைத்தவர் காலமும் அதற்குப் பின் 50 ஆண்டும் உரிமை உண்டு. கம்பெனிச் சின்னத்துக்குத் தனி உரிமை. விற்கும் எண்ணம் இருந்தால் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

எப்போது இது சரிவராது: பெட்டியைத் திறந்து பார்க்க வீட்டில் யாருமே இல்லையென்றால். கவனிப்பார் இல்லாத பெட்டி சுவரைவிட மோசம், கரையான் வந்தது கூடத் தெரியாது.

## நான்கு: விற்பது அல்லது கொடுத்துவிடுவது

இதைச் சிலர் துரோகம் போலப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்க, தனியாக இருக்கும் ஓர் அத்தை எத்தனை நாள் சிலிகா ஜெல் மாற்றுவார்?

கொடுப்பதென்றால் நமக்குப் பக்கத்திலேயே தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது, 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. கோலாலம்பூரில் 1957 முதல் இயங்கும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கேட்காமல் கொண்டுபோய் நீட்டாதீர்கள். முதலில் படம் அனுப்பி, வேண்டுமா என்று கேளுங்கள். கொடுத்துவிட்டால் அது அவர்களுடையது. காட்சிக்கு வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, திரும்பக் கேட்கவும் முடியாது.

விற்பதென்றால் இடைத்தரகர் பங்கு, ஏல நிலையக் கழிவு, பொதி கட்டும் செலவு எல்லாம் போகத்தான் கைக்கு வரும். எந்த வழியானாலும் தாளோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கடை, எந்தத் தெரு, யார் மாட்டியது, எந்தத் தோட்டத்து ஆட்கள் அந்தக் கடைக்கு வருவார்கள். இது இல்லாமல் போனால் அது ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு பம்பு.

## ஒரே பார்வையில்

| | அப்படியே சட்டம் | துணி ஒட்டிச் சீர் | நகலும் பெட்டியும் | விற்பது, கொடுப்பது |
|---|---|---|---|---|
| வெளிச்சம் | முழுதும் படும் | மாட்டினால் படும் | அசலுக்குப் படாது | வாங்குபவர் பொறுப்பு |
| ஈரம், பூச்சி | நடுத்தர ஆபத்து | பசையால் அதிக ஆபத்து | பார்த்துவந்தால் குறைவு | அருங்காட்சியகத்தில் குறைவு |
| திரும்ப எடுக்க | கீல் போட்டால் முடியும், ஒட்டினால் முடியாது | முடியும், கவனமாக | முழுதும் முடியும் | முடியாது |
| இன்றைய செலவு | நடுத்தரம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பின்னால் வருவது | நிறம் போவது | கூடுதல் கவனிப்பு | ஆறு மாதச் சோதனை | கழிவு, கதை தொலைவது |
| தினமும் கண்ணில் | அசலே | அசலே | நகல் | இல்லை |

எனாமல் தகடு வைத்திருப்பவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் சுட்டுச் செய்தவை அவை, நிறம் வெயிலுக்கு எளிதில் அசையாது. உடைந்த ஓரத்தில் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டு, மழை படாத முன்கூடத்தில் தாராளமாக மாட்டலாம்.

## யாருக்கு எது?

ஒரே ஒரு தாள், ஓரளவு முழுதாக, குடும்பக் கடையிலிருந்து வந்தது என்றால் மூன்றாவது வழி. துண்டு துண்டாக இருந்தால் முதலில் படம் எடுத்துவிட்டு, அப்புறம் இரண்டாவதை யோசியுங்கள். பிரதி இரண்டு இருந்தால் ஒன்றைச் சட்டம் போடுங்கள், ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். அண்ணன் தம்பிக்குள் யாருக்கு என்று பேச்சு வந்தால் ஆளுக்கொரு நகல் அச்சிட்டுக் கொடுத்து, அசலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். இந்த ஊரில் ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. மூன்று வீட்டு ஹாலிலும் இப்போது அதே நீலப் பம்பு தொங்குகிறது.

நல்ல விலைக்கு ஆள் வந்து நிற்கிறார், இரண்டு நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று அவசரப்பட்டுக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அந்த இரண்டு நாளில் நல்ல படம் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் தமிழ் வரி உங்களிடம் இருக்கும்.

நான் கெடுத்த அந்த எட்டாவது போஸ்டரை இன்னும் தூக்கிப் போடவில்லை. நீல வானம் போன மூலையோடு அது ஒட்டுப்பலகையிலேயே இருக்கிறது. சட்டம் போடுவது பற்றிக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.